வாசலில் நிற்கும் காருக்கு வீட்டுக் குறிப்புகள்

ஆயுத பூஜை அன்று வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். பானெட்டை மட்டும் யாரும் திறப்பதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. கணவருக்கு வெளியூரில் வேலை. வண்டியை ஓட்டுவதும் சர்வீஸுக்கு விடுவதும் நான்தான். ஒரு முறை பில்லில் "ஏர் ஃபில்டர் மாற்றியது" என்று காசு வாங்கியிருந்தார்கள். பத்து நாள் கழித்து ஏதோ ஒரு ஆர்வத்தில் பானெட்டைத் திறந்து, அந்தக் கறுப்புப் பெட்டியின் கிளிப்புகளை நெம்பிப் பார்த்தேன். காய்ந்த வேப்பிலை இரண்டோடு பழைய ஃபில்டரே சாம்பல் பூத்துப்போய் உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது இது. கொஞ்சம் தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, மீதி நானே கெடுத்துத் தெரிந்துகொண்டது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஆயில் மாற்றுவதால் ஒரு தடவைக்கு மிச்சமாவது சில நூறு ரூபாய்தான். ஆனால் உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது, எது புதுசு, எது பழசு என்று எனக்குத் தெரியும். சர்வீஸ் சென்டரில் வெள்ளைச் சட்டைக்காரர் பில்லை நீட்டும்போது அந்தத் தெரிதல்தான் கைகொடுக்கிறது.

1. டேஷ்போர்டு டிராயரில் பாலிதீன் உறை பிரிக்காமல் கிடக்கும் கார் புத்தகத்தை எடுங்கள். ஆயில் என்ன கிரேடு, ஃபில்டரோடு மாற்றினால் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை, டயருக்கு எவ்வளவு காற்று என்று நாலே விவரம் பார்த்து ஒரு அட்டையில் எழுதி அதே டிராயரில் வையுங்கள். என் வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல். அதற்கு 3.1 லிட்டர் ஆயில். பக்கத்து வீட்டு வண்டிக்குக் கேட்டு உங்கள் வண்டிக்கு ஊற்றாதீர்கள்.

2. வாரண்டி முடியாத வண்டி என்றால் ஆயில் மாற்றும் வேலையில் இறங்க வேண்டாம். பின்னாளில் இன்ஜினில் ஏதாவது வந்தால் "எங்களிடம் சர்வீஸ் விடவில்லையே" என்று கையை விரிக்க இடம் கொடுத்ததாகிவிடும். மேலே இருந்தபடி பார்க்கிற வேலைகளுக்கு எந்தத் தடையும் இல்லை.

3. மாதம் ஒரு முறை ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய நியூஸ் பேப்பரை விரித்து வையுங்கள். பறக்காமல் இருக்க ஓரத்தில் கல். காலையில் பேப்பர் கதை சொல்லும். வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வடிந்தது, பயமில்லை. பழுப்பாகவோ கறுப்பாகவோ பிசுபிசுப்பு இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சை, ரோஸ், நீலம் என்று சாயத்தண்ணீர் மாதிரி இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளிறிய வழவழப்பு என்றால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

4. ஆயில் அளவு பார்க்க நேரம் காலைதான். ராத்திரி முழுக்க நின்றதில் ஆயில் எல்லாம் கீழே இறங்கியிருக்கும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். மழைத் தண்ணீர் ஓட சரிவு வைத்த வாசலில் பார்த்தால் அளவு பொய் சொல்லும். மஞ்சள் கைப்பிடி உள்ள கம்பியை உருவி, துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தால் போதும். கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு லிட்டரை ஒட்டி வரும். அதனால் "கொஞ்சம் குறைச்சல்" என்று முழு லிட்டரைக் கவிழ்த்துவிடாதீர்கள். மேல்குறியைத் தாண்டினால் உள்ளே சுழலும் கிராங்க் அதில் அடித்து, ஆயில் மோர் மாதிரி நுரைத்துப்போகும். நுரை எங்கேயும் மசகு ஆகாது.

நிறத்தைப் பார்த்து யாரும் பயமுறுத்தவும் வேண்டாம். ஆயில் கறுத்திருப்பது அது அழுக்கை வாங்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே கறுத்துவிடும். பால் காபி நிறத்தில் குழைந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். தண்ணீரோ கூலன்ட்டோ உள்ளே கலந்திருக்கிறது.

5. மீட்டர் பலகையில் சிவப்பாக, மூக்கில் ஒரு சொட்டோடு, காமாட்சி விளக்கு மாதிரி ஒரு படம் எரியும். எண்ணெய் குறைந்திருக்கிறது, சாயங்காலம் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது சொல்வது ஆயில் அழுத்தத்தை. இன்ஜினுக்குள் மேலே ஏற வேண்டிய ஆயில் ஏறவில்லை என்று அர்த்தம். ஓரம் கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர்தானே என்று ஓட்டி, பெரிய இன்ஜின் வேலையில் போய் முடிந்த வண்டிகள் எல்லா ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் நிற்கும்.

6. ரேடியேட்டர் மூடியும் குக்கர் மூடியும் ஒன்றுதான். விசில் அடங்காமல் குக்கரைத் திறப்பீர்களா? உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் சூடான கூலன்ட் மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். வண்டி முழுக்க ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். அளவு பார்க்க மூடியைத் திறக்கவே தேவையில்லை. பக்கத்தில் உள்ள வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் கோடு போட்டிருக்கும், வெளியிலிருந்தே தெரியும்.

குறைந்திருந்தால் அதே வகைக் கூலன்ட்டையே ஊற்றுங்கள். நிறத்துக்கு நிறம் கலக்க வேண்டாம். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் காபி டம்ளரிலேயே வெள்ளை படிகிறது. அதை ரேடியேட்டருக்குள் விட்டால் என்ன ஆகும்! இன்னொன்று: கூலன்ட் லேசாக இனிக்கும், ஆனால் விஷம். நாய், பூனை நக்கும். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். மீதியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

7. டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன்னால், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். பங்க் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போவதற்குள் சூடேறி அளவு கூடுதலாகக் காட்டும். ஒரு சின்ன காற்று கேஜ் வாங்கி வீட்டிலேயே பார்த்துவிட்டு, எந்தச் சக்கரத்துக்கு எத்தனை குறைச்சல் என்று தெரிந்துகொண்டு போங்கள். சரியான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அதிகபட்ச அளவு, அதை வைத்து அடிக்கச் சொல்லாதீர்கள்.

டயருக்குப் பிறந்தநாள் உண்டு. டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் உள்ள நாலு இலக்கம்தான் அது. 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். புது டயர் வாங்கும்போது கடைக்காரர் முன்னால் குனிந்து இதைப் படியுங்கள், அவர் பேச்சே மாறும். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னத் திட்டுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள். அதை யாரும் பார்ப்பதில்லை. நடு ராத்திரியில் ஹைவேஸில்தான் நினைவு வரும்.

8. ஏர் ஃபில்டருக்கு ஸ்பேனரே வேண்டாத வண்டிகள் நிறைய. கிளிப்பை நீக்கி, காகித ஃபில்டரை எடுத்து, தரையில் லேசாகத் தட்டினால் தூசி உதிரும். வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒளி ஊடுருவாவிட்டால் புதுசு வாங்குங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசுவது, பிரஷ் போடுவது எல்லாம் கூடாது. பெட்டிக்குள் இருக்கும் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதுசை வையுங்கள்.

ஏசி ஃபில்டர் பல வண்டிகளில் இடப்பக்க டிராயருக்குப் பின்னால் இருக்கும். ஏசி போட்டதும் ஊறிப்போன சாக்கு நாற்றம் வந்தால் முதலில் அங்கே பாருங்கள். ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், காற்று போகும் திசை அது. எடுத்த மாதிரியே வைக்க, கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

9. பேட்டரி முனையில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருக்கும் உப்பைக் கையால் தொடாதீர்கள், அமிலத்தின் மிச்சம் அது. வெந்நீரில் சமையல் சோடா ஒரு ஸ்பூன் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். புஸ்ஸென்று பொங்கி அடங்கும். நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் முனையை இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் கழித்தல் குறி உள்ள முனை, மாட்டும்போது அது கடைசியில். மாற்றிச் செய்தால், கூட்டல் முனையில் இருக்கும் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் எங்காவது பட்டுத் தீப்பொறி பறக்கும்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2-க்கு வந்தால் பாதிதான். ஸ்டார்ட் செய்த பிறகு 14-ஐ ஒட்டி ஏறினால் சார்ஜ் ஆகிறது. ஏறவே இல்லையா, பேட்டரியை மாற்றிப் பயனில்லை, ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு கணக்கு தெரியாமல் நான் தண்டமாக ஒரு பேட்டரி வாங்கியிருக்கிறேன்.

10. வைப்பர் ரப்பர் மழையில் கெடுவதைவிட வெயிலில் கெடுவதுதான் அதிகம். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு தரம் ஈரத்துணியால் துடைத்து, கோடு விடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கண்ணாடி கழுவும் டப்பாவுக்குப் போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்து தெளிக்கிற மூக்கு அடைத்துக்கொள்ளும். வீட்டு ஏசியிலிருந்து வடியும் தண்ணீரை வடிகட்டி ஊற்றுகிறேன், அடைப்பு வந்ததில்லை.

11. எலி. சொல்லவே வேண்டாம். சூடான இன்ஜின் அதற்குக் குளிர்கால பங்களா. வாரம் ஒரு முறையாவது பானெட்டைத் திறந்து பாருங்கள். தேங்காய் ஓட்டுத் துண்டு, பிளாஸ்டிக் சுருள், புழுக்கை கிடந்தால் குடியேறிவிட்டது. புகையிலையைத் துணியில் முடிந்து கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு எலி அதற்குப் பக்கத்திலேயே படுத்திருந்தது. எனக்குப் பலன் தந்தது ஒன்றுதான்: வண்டி நிற்கும் இடத்தில் அரிசி மூட்டை, நாய்ச் சோறு, குப்பைக்கூடை எதையும் வைக்காதது. பெட்ரோல் வாடை அடித்தால் குழாயைக் கடித்திருக்கலாம், சாவியைத் திருப்பவே வேண்டாம்.

12. வெள்ளத்தில் நின்ற வண்டியை "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற வண்டிகள் பலவற்றை அந்த ஒரு சாவித் திருப்பல்தான் முடித்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டன் அமுக்கப் போனால் உள்ளே கனெக்டிங் ராட் வளையும். தண்ணீர் வடிந்ததும் பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இனி ஆயில் மாற்றும் வேலை. மேலே சொன்னவற்றை நாலைந்து மாதம் செய்து பழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

13. கிரேடு விஷயத்தில் கடையில் கட்டாயம் ஒருவர் ஆலோசனை சொல்வார். "நம்ம ஊர் வெயிலுக்கு 0டபிள்யூ-20 எல்லாம் தண்ணி மாதிரி, 20டபிள்யூ-50 போடுங்க, கெட்டியா நிக்கும்." கேட்டுக்கொண்டு, புத்தகத்தில் உள்ளதையே வாங்கி வாருங்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. திருச்சியானாலும் ஊட்டியானாலும் ஓடுகிற இன்ஜினுக்குள் ஆயிலின் சூடு அந்த 100-ஐ ஒட்டித்தான் இருக்கும். இப்போதைய இன்ஜின்களில் ஆயில் போகும் வழிகள் குறுகல். கெட்டி ஆயில் அதில் ஏறத் திணறும், மைலேஜும் குறையும்.

டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ என்ற வட்ட முத்திரை இருக்கும். அதில் எஸ் எழுத்தில் தொடங்குவது பெட்ரோல் வண்டிக்கு, சி-யில் தொடங்குவது டீசலுக்கு. 2020-இல் வந்த எஸ்பி, அதற்கு முந்தைய எஸ்என் கேட்கிற வண்டிக்கும் பொருந்தும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ் 6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் தனி ஆயில் உண்டு. சாதா ஆயில் ஊற்றினால் அந்த ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

14. போலி ஆயில் சந்தையில் உண்டு, நல்ல கம்பெனியின் பழைய டப்பாவில் அடைத்தே வரும். தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். மூடியின் சீலையும் தயாரித்த தேதியையும் பாருங்கள். காலி டப்பாவைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் அரிவாள்மணையிலோ கத்தியிலோ ஒரு கீறு கீறிவிடுங்கள். நம் டப்பா இன்னொருவர் தலையில் விடியாது.

15. ஆயிலோடு வாங்க வேண்டியவை: வண்டிக்கு உரிய ஆயில் ஃபில்டர், டிரெயின் நட்டுக்கான புது வாஷர். வீட்டில் இருக்க வேண்டியவை: அளவு பொருந்தும் ரிங் ஸ்பேனர், புனல், ஐந்து லிட்டராவது பிடிக்கும் அகலமான பழைய டப், கையுறை, ஒரு கிலோ பனியன் வேஸ்ட். பனியன் வேஸ்ட் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். பழைய வேட்டியைவிட நன்றாக உறிஞ்சும். ஸ்பேனர் 14-ஆ 17-ஆ என்பது வண்டிக்கு வண்டி மாறும். இரண்டு பக்கம் மட்டும் பிடிக்கும் வாய் ஸ்பேனரை இதற்கு எடுக்காதீர்கள், நட்டின் முனை மழுங்கிவிடும்.

16. இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். ஸ்டெப்னியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அது சக்கரம் மாற்றக் கொடுத்தது. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி நிறுத்துவதும் ஆகாது. செங்கல் நொறுங்கும்போது முன்கூட்டிச் சொல்லாது. ஜாக்கியால் தூக்கிய பிறகு, எடை தாங்கும் இரும்பு ஜாக் ஸ்டாண்டு இரண்டை, புத்தகம் காட்டும் இடத்தில் வைத்து, வண்டியை அதன்மேல் இறக்க வேண்டும். தரை கான்கிரீட்டாக, சமமாக இருக்க வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், கியர். உள்ளே போகும் முன் வண்டியைப் பக்கவாட்டில் ஒரு அழுத்து அழுத்திப் பாருங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

ஸ்டாண்டு இல்லையா? நான் அப்படித்தான். ஊருக்கு வெளியே வாட்டர் சர்வீஸ் கடையில் ராம்ப் இருக்கிறது. வியாபாரம் மந்தமான செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தொகை கொடுத்து அரைமணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். முதல் தடவை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. இப்போது டீ வாங்கித் தருகிறார்கள்.

17. இன்ஜின் கொதிக்கவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, கொஞ்சம் ஆறவிடுங்கள். வெதுவெதுப்பில் ஆயில் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள், காற்று புகுந்தால் சீக்கிரம் வடியும்.

18. அடியில் கண்ணில் படும் நட்டெல்லாம் இன்ஜின் ஆயில் நட்டு அல்ல. பக்கத்திலேயே கியர் பாக்ஸுக்கும் ஒன்று இருக்கும். அவசரத்தில் அதைத் திறந்து நல்ல கியர் ஆயிலை வடித்துவிட்டு, இன்ஜினில் பழைய ஆயிலுக்கு மேலேயே புது ஆயிலை ஊற்றியவர்கள் உண்டு. இன்ஜினுக்கு அடியில் தொங்கும் ஆயில் சேம்பரில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் படுத்துக்கொண்டிருக்கும்போது மூளை குழம்பும். நட்டின் தலையை ஊறுகாய் பாட்டிலின் மூடியாக நினைத்துக்கொள்ளுங்கள். மூடியை நேராகப் பார்த்துத் திறக்கும் அதே பக்கம்தான்.

ஸ்பேனரால் இளக்கிய பிறகு விரலால் சுற்றுங்கள். கடைசிச் சுற்றில் நட்டை உள்பக்கமாக அழுத்தியபடியே சுற்றி, மரை முடிந்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்ள வேண்டும். முதல் பீச்சல் நேராகக் கீழே விழாது, ஒரு சாண் தள்ளிப் பாயும். அதனால் டப்பை முதலில் கொஞ்சம் தள்ளி வைத்து, வேகம் அடங்க அடங்க உள்ளே நகர்த்துங்கள். ராம்ப்புக்குப் போகத் தொடங்கும் முன், வாசலிலேயே செய்தபோது நான் நேர் கீழே வைத்தேன். என் வாசலில் மார்கழி முழுக்க அந்தக் கறைமேல்தான் கோலம் போட்டேன். மாவு ஒட்டவே இல்லை.

19. சொட்டு நிற்கப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் நட்டைத் துடைத்து, பழைய வாஷரை எடுத்துவிட்டுப் புதுசைப் போடுங்கள். அமுங்கி அடைப்பதற்கென்றே செய்த மெல்லிய உலோகம் அது, இரண்டாவது முறை அமுங்காது. நட்டை விரலாலேயே கடைசி வரை ஏற்றுங்கள். பாதியில் மக்கர் செய்தால் மரை மாறி ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

இறுக்குவதில்தான் நான் பாடம் படித்தேன். "ஒழுகிவிடுமோ" என்ற பயத்தில் ஸ்பேனரில் குழாயைச் செருகி நெம்பினேன். ஒரு நொடி இறுகியது, அடுத்த நொடி வெண்ணெய் மாதிரி சுற்றியது. அலுமினிய சேம்பரின் மரை போய்விட்டது. தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, கை இறுக்கினா நட்டு நிக்கும், பயம் இறுக்கினா மரை கழலும்" என்றார். அந்த வாக்கியத்துக்கு அவர் காசு வாங்கவில்லை, சேம்பருக்கு வாங்கினார். சின்ன ஸ்பேனரால், ஒரு கையால், வாஷர் அமுங்கி உட்காருவது தெரிகிற வரை போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் புத்தகத்தில் உள்ள கணக்குக்கு இறுக்குங்கள்.

20. ஃபில்டரைக் கழற்றும்போதும் ஆயில் கொட்டும், டப்பை அங்கே நகர்த்துங்கள். கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதுசை ஏற்றினால் வளையத்துக்கு மேல் வளையமாகி, ஸ்டார்ட் செய்த மறுநிமிஷம் ஆயில் பீச்சியடிக்கும். புது வளையத்தில் விரலால் புது ஆயிலைத் தடவுங்கள். கையாலேயே சுற்றி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம்.

21. சொன்ன அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றுங்கள். மூடி, ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள். அந்தக் காமாட்சி விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். நிறுத்தி, வண்டியைச் சமதளத்தில் இறக்கி, ஐந்து நிமிஷம் பொறுத்துக் கம்பியை உருவிப் பாருங்கள். ஃபில்டர் உள்ளே குடித்ததுபோக எவ்வளவு வேண்டுமோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அன்று ராத்திரி மூன்றாவது குறிப்பில் சொன்ன பேப்பரை மறக்காமல் விரியுங்கள்.

22. பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். கரையானுக்கு மரச்சட்டத்தில் அடிக்கலாம், சென்ட்ரிங் பலகைக்குப் பூசலாம் என்று கேட்டு வருவார்கள், கொடுக்காதீர்கள். உலோகத் துகளும் எரிந்த கழிவும் கலந்த சரக்கு அது. 2016-ஆம் வருஷ அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடக்கம். ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளே அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு விட வேண்டிய பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. நமக்கு வழி எளிது. வந்த டப்பாவிலேயே புனல் வைத்து ஊற்றி, மூடி, ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். அவர்கள் பேரலில் சேர்த்து, எடுத்துப்போக வருபவருக்கு விற்பார்கள். பழைய ஃபில்டரையும் ஒரு ராத்திரி டப்பில் கவிழ்த்து வடித்துவிட்டு அங்கேயே கொடுக்கலாம்.

23. தரையில் சிந்தியதன்மேல் தண்ணீர் ஊற்றினால் பரவத்தான் செய்யும். மணலோ மரத்தூளோ கொட்டி, காலால் மிதித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பெருக்குங்கள். பிறகு சலவைத்தூள். கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பிசைந்துவிட்டு, சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்தால் நகக்கண்ணில் உள்ள கறுப்பும் போகும். பெட்ரோலில் கை கழுவ வேண்டாம்.

24. நான் தொடாதவை: பிரேக், ஏசி கேஸ், டைமிங் பெல்ட், மஞ்சள் கனெக்டர் உள்ள ஏர்பேக் ஒயர்கள், ஹைபிரிட் வண்டியிலும் மின்சார வண்டியிலும் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர்கள். பிரேக் ஆயில் அளவை டப்பாவுக்கு வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது, பேட் தேய்ந்திருக்கலாம் அல்லது எங்கோ கசியலாம்.

25. பால் கணக்கு எழுதுகிற டைரியில் வண்டிக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றியது, ஆயில் கிரேடு, பில்லை அதே பக்கத்தில் ஒட்டிவிடலாம். அடுத்தது எப்போது என்பதை இன்றே எழுதுங்கள். புத்தகம் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று சொன்னால், எது முந்தியோ அது. வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் வருஷக் கணக்கு பொருந்தும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று இரண்டு கிலோமீட்டர் ஓடி ஓடி நிற்கும் வண்டியில் இன்ஜின் முழுக்கச் சூடேறுவதே இல்லை, உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும்.

26. பானெட்டை மூடும் முன் ஸ்பேனர்களை எண்ணுங்கள். பேட்டரி முனை கழற்றும் 10-ஆம் எண் ஸ்பேனர்தான் அதிகம் தொலையும். வீடெல்லாம் தேடி, வேலைக்காரம்மா வரை விசாரித்து, கடைசியில் புதுசு வாங்கிவிட்டேன். கும்பகோணத்தில் கல்யாணம் முடிந்து திரும்பி வந்து ஆயில் அளவு பார்க்கத் திறந்தபோது, பேட்டரித் தட்டின் ஓரத்தில் பழையது பத்திரமாக இருந்தது. போக வர எல்லா ஸ்பீட் பிரேக்கரையும் தாண்டி வந்திருக்கிறது. இப்போது என்னிடம் இரண்டு இருக்கிறது.